எலிக்கு இளைத்த உடம்பு... நமக்கும் இளைக்குமா?

'உடல் எடை மளமளவெனக் குறைந்தது... சர்க்கரை கட்டுக்குள் வந்தது... விஞ்ஞானிகள் சாதனை!'

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், 'குட் மார்னிங்' ரோஜாப்பூவுக்கு அடுத்ததாக இப்படி ஒரு செய்தி வந்து விழாத வீடு குறைவு. பெரியப்பா அனுப்புவார். அத்தை இரண்டு கும்பிடு போடுவார். யாராவது ஒருவர், "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்பார். லிங்க்கைத் திறந்து பொறுமையாகப் படித்தால், நான்காவது பத்தியிலோ ஐந்தாவது பத்தியிலோ அந்தச் சொல் ஒளிந்திருக்கும். 'எலிகளுக்கு.'

அதாவது, இளைத்தது எலி.

2019-ம் ஆண்டு ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற ஆய்வாளர் ட்விட்டரில் ஒரு கணக்கு தொடங்கினார். அதில் அவர் செய்தது ஒரே வேலைதான். இப்படிப்பட்ட பரபரப்புச் செய்திகளை எடுத்து, மேலே 'எலிகளிடம்' என்று மட்டும் எழுதிப் பகிர்ந்தார். வேறு விளக்கமில்லை, விமர்சனமில்லை. கொஞ்ச நாளிலேயே பல்லாயிரம் பேர் பின்தொடர ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சொல் மட்டும் தலைப்பிலேயே இருந்திருந்தால், அந்தச் செய்திகளில் பாதியை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சிரித்துவிட்டுக் கடந்து போகலாம்தான். ஆனால், இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு, 2023-ல் சொன்ன கணக்கு இது. இன்னும் 13 கோடிப் பேர் நோயின் வாசற்படியில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர், எலிக்குப் பலித்த ஒன்றை நம்பி ராத்திரி மாத்திரையை நிறுத்தினால், அது சிரிக்கிற விஷயம் இல்லை.

அப்படியென்றால் எலி ஆய்வெல்லாம் வெறும் கதையா? அதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் இன்சுலினும், மாத்திரை டப்பாவில் இருக்கும் மெட்ஃபார்மினும் விலங்குகளைத் தாண்டி வந்தவைதான். எது தாண்டி வருகிறது, எது கூண்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாயிடமிருந்து சிறுவனுக்கு

1889-ம் ஆண்டு. அன்று ஜெர்மனியிடம் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, ஜோசப் வான் மெரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அறுத்து எடுத்தார்கள். நாய்க்குத் தீராத தாகம், ஓயாமல் சிறுநீர். அதைச் சோதித்தால் சர்க்கரை. நோயின் வேர் கணையத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது.

அடுத்த 30 ஆண்டுகள் அந்த அறிவால் நோயாளிக்குப் பெரிய பயன் எதுவும் இல்லை. மருந்து கிடையாது. இருந்த ஒரே வழி உணவுக் கட்டுப்பாடு. 'கட்டுப்பாடு' என்பது மரியாதைக்குச் சொல்வது. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன், கணையத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்ட நாய்களைப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்குவதைப் பார்த்தார். 1914-லிருந்து அதையே மனிதர்களுக்கும் செய்தார். சர்க்கரை இறங்கியது. கூடவே நோயாளிகள் எலும்பும் தோலும் ஆனார்கள். சிலரை நோய் கொன்றது, சிலரைப் பசி கொன்றது.

1921-ல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பேன்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும், கணையத்திலிருந்து எடுத்த சாற்றைக் கணையம் இழந்த நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை சரிந்தது. 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. பையனின் எடை 30 கிலோகூட இல்லை. சாற்றில் அழுக்கு அதிகம் என்பதால் அந்த ஊசி சரிப்படவில்லை. ஜேம்ஸ் காலிப் என்பவர் சாற்றைச் சுத்தம் செய்து தந்த பிறகு, ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். பையன் பிழைத்தான். இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இது ஏன் இவ்வளவு நேராகத் தாண்டி வந்தது? இன்சுலின் என்பது 51 மணிகள் கோத்த மாலை மாதிரி. பன்றியின் மாலைக்கும் மனிதர் மாலைக்கும் ஒரே ஒரு மணிதான் வித்தியாசம். மாட்டுக்கு மூன்று மணி. பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது மாட்டு இன்சுலினும் பன்றி இன்சுலினும்தான். நாய்க்கு இல்லாமல் போன அதே பொருள்தான் சிறுவனுக்கும் இல்லாமல் போயிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், வேலை முடிந்தது.

எடை விஷயத்தில் மட்டும் இப்படி நேர்வழி கிடைக்கவில்லை. அந்தக் கதை ஒரு குண்டுச் சுண்டெலியில் தொடங்குகிறது.

20 மில்லியன் டாலர் சுண்டெலி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊர். அங்கே இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தின் முக்கியத் தொழிலே சுண்டெலி வளர்ப்பதுதான். 1949-ல் அங்கே பிறந்த குட்டிகளில் சில, சாப்பிட்டுக்கொண்டே இருந்தன. மற்ற சுண்டெலிகளைப்போல மூன்று மடங்கு எடை ஏறின. ஒரு மரபணு கெட்டுப்போனதால் வந்த கோளாறு அது. 'ஓபி' என்று பெயர் வைத்தார்கள். 1960-களில் அதே ஆய்வகத்தில் இன்னொரு வகை கிடைத்தது. அதற்கு எடையும் ஏறியது, கடுமையான சர்க்கரையும் வந்தது. அது 'டிபி'.

டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் இரண்டையும் வைத்து ஒரு சோதனை செய்தார். கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். இரண்டு சுண்டெலிகளைப் பக்கவாட்டில் ஒட்டித் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதற்கும் ஓடும்படி செய்தார். டிபி-யை ஒரு சாதாரணச் சுண்டெலியோடு சேர்த்தால், சாதாரணச் சுண்டெலி சாப்பிடுவதையே நிறுத்திப் பட்டினியில் செத்தது. டிபி-யை ஓபி-யோடு சேர்த்தால், அந்தத் தீராப்பசி ஓபி-யும் சாப்பிட மறுத்துச் செத்தது. ஓபி-யைச் சாதாரணச் சுண்டெலியோடு சேர்த்தபோது யாரும் சாகவில்லை. குண்டு ஓபி கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டது, அவ்வளவுதான்.

கோல்மன் போட்ட கணக்கு இது. ரத்தத்தில் 'போதும்' என்று சொல்கிற ஏதோ ஒரு பொருள் ஓடுகிறது. ஓபி-யால் அதைச் செய்ய முடியாது. டிபி-யால் அதைச் செய்ய முடியும், ஆனால் அது சொல்வது அதன் காதில் விழாது. அந்தக் காலத்தில் பலர் இதை ஏற்கவில்லை. எடை என்பது வாய்க்கட்டுப்பாடு சம்பந்தப்பட்டது, இதில் ஹார்மோன் எங்கே வந்தது என்றார்கள். (குண்டாக இருப்பவரைப் பார்த்து 'வாயைக் கட்டினால் சரியாகிவிடும்' என்று இன்றும் கல்யாண வீட்டில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.)

1994-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அது செய்கிற ஹார்மோன், உடலில் இருக்கும் கொழுப்பிலிருந்தே சுரக்கிறது. கிரேக்க மொழியில் 'ஒல்லி' என்று பொருள் தரும் சொல்லிலிருந்து எடுத்து அதற்கு 'லெப்டின்' என்று பெயரிட்டார்கள். 1995-ல் ஓபி சுண்டெலிகளுக்கு லெப்டின் ஊசி போட்டபோது, இரண்டே வாரத்தில் சுமார் 30 சதவிகித எடை குறைந்தது. குண்டுச் சுண்டெலியும் இளைத்த சுண்டெலியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் புகைப்படம் உலகைச் சுற்றியது. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம், அந்த உரிமைக்காக முன்பணமாகவே 20 மில்லியன் டாலர் கொடுத்தது.

பிறகு மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அங்கேதான் இடி. பருமனாக இருப்பவர்களுக்கு லெப்டின் குறைவாக இல்லை, அதிகமாக இருந்தது! கொழுப்பு அதிகம் என்பதால் லெப்டினும் அதிகம். மூளைக்குத்தான் அது கேட்கவில்லை. ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்து என்ன பயன்? 1999-ல் வெளியான மனித ஆய்வில், லெப்டின் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்த எடைக்குறைப்பு, போட்ட பணத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் எட்டவே இல்லை.

ஆனால், அதே 1999-ல் பிரிட்டனிலிருந்து வேறொரு செய்தி வந்தது. ஓபி சுண்டெலியைப் போலவே லெப்டின் மரபணு கெட்டுப் பிறந்த 9 வயதுச் சிறுமி. எடை 94 கிலோ. எப்போதும் பசி. லெப்டின் ஊசி தொடங்கியதும் பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. வளரும் வயதில், வயதுக்கேற்ப எடை ஏற வேண்டிய ஒரு குழந்தைக்கு இது!

சுண்டெலி பொய் சொல்லவில்லை. உலகிலேயே மிக அரிதான ஒரு கோளாறைப் பற்றி அது உண்மையைச் சொன்னது. அதை எல்லோருடைய தொப்பைக்குமான பதிலாக எடுத்துக்கொண்டதுதான் தவறு.

தீவனத்தில் இருக்கும் சூட்சுமம்

மருந்தை விடுங்கள், உணவுக்கு வருவோம். 'இந்த உணவு எடையைக் குறைக்கும்' என்ற ஆய்வுகளில் எலிக்கு முதலில் எடை ஏற்ற வேண்டும். அதற்கென்றே தீவனம் விற்கிறது. அதில் மிகப் பிரபலமான ஒன்றில், மொத்தக் கலோரியில் 60 சதவிகிதம் கொழுப்பிலிருந்து வரும். பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. தினமும் மூன்று வேளையும் பரோட்டாவும் பாயாவும் மட்டுமே சாப்பிடுகிறவருக்குக்கூட இந்தக் கணக்கு வராது. பெண் சுண்டெலிகளுக்கு அவ்வளவு சுலபமாக எடை ஏறாது என்பதால், பல ஆய்வுகள் ஆண் சுண்டெலிகளோடு முடிந்துவிடுகின்றன. படிக்கிற அக்காக்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

தீவனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, எகிப்துப் பாலைவனத்தின் மணல் எலி சாட்சி. உப்புக் கரிக்கும் செடியின் சதைப்பற்றான இலைகளைத் தின்று அது பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தது. சிறுநீரக ஆய்வுக்காக அதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்ற எலிகளுக்குப் போடும் வழக்கமான ஆய்வகத் தீவனத்தையே இதற்கும் போட்டார்கள். கொழுப்புத் தீவனம் இல்லை, சாதாரணத் தீவனம். மணல் எலிகளுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது! கண்ணில் புரை விழுந்தது. 1964-ல் இது வெளியானது. பக்கத்துக் கூண்டு எலி அதையே தின்று நன்றாக இருந்தது. ஒரே தீவனம், இரண்டு எலி, இரண்டு விதி. எலிக்கு எலியே இப்படி என்றால்...

இப்போது ஊரெல்லாம் பேசும் '16 மணி நேர விரதம்' கதைக்கு வருவோம். இதன் பின்னால் இருப்பவர்களில் முக்கியமானவர் சச்சிதானந்த பாண்டா. ஒடிசாக்காரர். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவர். இப்போது கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஆய்வாளர்.

2012-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் இரண்டு கூட்டம் சுண்டெலிகள். இரண்டுக்கும் அதே கொழுப்புத் தீவனம். ஒரு கூட்டம் எந்த நேரமும் தின்னலாம். இன்னொரு கூட்டத்துக்கு இரவில் 8 மணி நேரம் மட்டும் தட்டு வைக்கப்படும். இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு கலோரிதான் சாப்பிட்டன. ஆனால், எந்த நேரமும் கொறித்தவை கொழுத்தன, சர்க்கரைக் கோளாறு வந்தது, கல்லீரலில் கொழுப்பு படிந்தது. நேரம் பார்த்துத் தின்றவை பெருமளவு தப்பித்தன. அளவு அதே, நேரம் மட்டும் வேறு. பிரமாதமான கண்டுபிடிப்பு. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால், சுண்டெலியின் ஒரு நாள் நம்முடைய ஒரு நாள் இல்லை. 30 கிராம் உடம்பு. நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும் இதயம். ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுகள். ஒரே ஒரு இரவு முழுப் பட்டினி கிடந்தால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்துவிடும். 70 கிலோ மனிதர் ராத்திரி சாப்பிடாமல் படுத்துக் காலையில் 62 கிலோவாக எழுந்த மாதிரி! அதற்கு 16 மணி நேரம் என்பது, நாம் ஏகாதசி விரதம் இருப்பதைப் போன்றது அல்ல. பல நாள் உண்ணாவிரதத்துக்குச் சமம். தவிர, அது இரவில் விழித்திருந்து சாப்பிடும் பிராணி. நமக்கு அது தலைகீழ்.

மனிதர்களிடம் என்ன ஆனது? சீனாவின் குவாங்சோ நகரில் பருமனாக இருந்த 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு, 2022-ல் வெளியானது. எல்லோருக்கும் கலோரி அளவு குறைக்கப்பட்டது. பாதிப்பேர் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் மட்டும் சாப்பிட்டார்கள். மீதிப்பேருக்கு நேரக்கட்டுப்பாடு இல்லை. நேரம் பார்த்தவர்களுக்குச் சராசரியாக 8 கிலோ குறைந்தது. பார்க்காதவர்களுக்கு 6.3 கிலோ. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் புள்ளிவிவரத் தீர்ப்பு. இரண்டு பக்கமும் வேலை செய்தது, குறைவாகச் சாப்பிட்டதுதான்.

ராத்திரி 11 மணிக்கு மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்கிற பழக்கம் உள்ளவருக்கு நேரக்கட்டுப்பாடு உதவலாம். அந்த மிக்சர் நின்றுவிடும் அல்லவா? ஆனால் சுண்டெலிக்கு நடந்த மாயம், அதாவது அதே அளவு தின்றும் இளைப்பது, அந்த ஆய்வில் மனிதர்களுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய் மயங்கி விழலாம். சுண்டெலிகள் இன்சுலின் போட்டுக்கொண்டு விரதம் இருக்கவில்லை.

எலி சொல்ல முடியாத ஒன்று

ரிமோனபன்ட் என்று ஒரு மாத்திரை. கஞ்சா குடித்தவர்களுக்குப் பசி பிய்த்துக்கொண்டு வரும் என்பார்கள் அல்லவா? மூளையில் அந்தப் பசியைக் கிளப்பும் கதவை அடைப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. எலிகள் குறைவாகத் தின்றன, இளைத்தன. மனிதர்களும் இளைத்தார்கள். ஐரோப்பாவில் நடந்த ஓராண்டு ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 6 கிலோவுக்கு மேல் குறைந்தது. 2006-ல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது.

2008 அக்டோபரில் அதே ஐரோப்பா விற்பனையை நிறுத்தச் சொன்னது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகின. சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்தது. பசியின் கதவை அடைத்தபோது, சந்தோஷத்தின் கதவும் சேர்ந்தே அடைபட்டிருக்கிறது. அமெரிக்கா அதற்கு அனுமதியே தரவில்லை.

எலியின் எடையைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். சர்க்கரையை வால் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சோதிக்கலாம். 'எனக்கு வாழவே பிடிக்கவில்லை' என்று அது எந்த மொழியில் சொல்லும்?

பாகற்காயும் கணக்கு வாத்தியாரும்

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவது மூலிகைச் செய்திகள். பாகற்காய், வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், கோவைக்காய் என்று எதை எடுத்தாலும் 'ஆய்வில் நிரூபணம்' என்று ஒரு வரி இருக்கும். ஆய்வு உண்மையாகவே நடந்திருக்கும். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, அந்த எலிக்குச் சர்க்கரை எப்படி வந்தது? பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற ரசாயனத்தை ஊசியில் ஏற்றியிருப்பார்கள். அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொன்றுவிடும். ஓரிரு நாளில் சர்க்கரை நோயாளி எலி தயார். ஆனால், 45 வயதில் ஒருவருக்கு வரும் சர்க்கரை இப்படியா வருகிறது? ஆண்டுக்கணக்கில் எடை ஏறி, இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் போய், மெதுவாகக் கணையம் களைத்து வருவது அது. இதற்கு நெருக்கமாகப் போகக் கொழுப்புத் தீவனமும் குறைந்த அளவு ரசாயனமும் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. படிக்கும்போது அதைத் தேடிப் பார்க்கலாம்.

இரண்டாவது, அளவு. எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் மூலிகைச் சாரம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மனிதருக்கு நேராகப் பெருக்கினால் 24 கிராம். ஆனால் அப்படிப் பெருக்கக் கூடாது. சின்ன உடம்பு மருந்தை வேகமாக எரித்துவிடும். அதனால் உடல் பரப்பை வைத்து ஒரு கணக்கு உண்டு. எலியின் அளவைச் சுமார் 6-ஆல் வகுக்க வேண்டும், சுண்டெலி என்றால் சுமார் 12-ஆல். அப்படிப் பார்த்தாலும் தினமும் ஏறக்குறைய 4 கிராம் சாரம். இது காய் இல்லை, சாறும் இல்லை. காயவைத்து, கரைசலில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்து எடுத்த சாரம். பாகற்காய்ப் பொரியலில் அது எவ்வளவு இருக்கும் என்று எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை.

பாகற்காயை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. காக்ரேன் என்ற அமைப்பு 2012-ல் அவற்றைத் திரட்டிப் பார்த்தது. தரத்துக்குத் தேறியவை நான்கு. மொத்தம் 479 பேர். அதிகபட்சம் மூன்று மாதம். சர்க்கரை நோய்க்கு மருந்தாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்பதுதான் முடிவு. காயாகச் சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடுவதுதான் வம்பு.

செடியிலிருந்து மருந்தே வராது என்று சொன்னால் அதுவும் தப்பு. உலகத்தில் அதிகம் பேர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் பூர்வீகம் ஒரு செடிதான். கலேகா என்ற ஐரோப்பியச் செடி. ஆடு, மாடுகள் அதிகம் மேய்ந்தால் விஷம். அதிலிருக்கும் பொருளுக்குச் சர்க்கரையை இறக்கும் குணம் உண்டு என்று தெரிந்து, அதன் உறவுக்காரப் பொருள்களை ஆய்வகத்தில் செய்து பார்த்தார்கள். 1929-லேயே மெட்ஃபார்மின் முயல்களின் சர்க்கரையைக் குறைத்தது. அப்போது இன்சுலின் புதுசு, எல்லோர் கண்ணும் அதன் மேல். முயல் சொன்னதை மறந்தே போனார்கள். 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அமெரிக்கா அனுமதித்தபோது 1994 முடியப்போகிறது. முயலிலிருந்து அமெரிக்க மருந்துக் கடைக்கு வர 65 ஆண்டுகள்.

பல்லி கொடுத்த துப்பு

இப்போது எல்லோரும் பேசுவது வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றித்தான். மவுஞ்சாரோ, வீகோவி என்ற பெயர்களில் 2025-ல் அவை இந்தியச் சந்தைக்கு வந்தன. இவையும் கூண்டைத் தாண்டி வந்தவைதான்.

சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். இன்சுலினைத் தூண்டும். 1996-ல் லண்டனில் ஸ்டீஃபன் புளூம் குழு, பசியோடு இருந்த எலிகளின் மூளையில் இதைச் செலுத்தியது. எலிகள் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பசியையும் இது அடக்குகிறது என்று தெரிந்தது. ஒரே சிக்கல், ரத்தத்தில் கலந்த ஓரிரு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். இதை வைத்து எப்படி மருந்து செய்வது?

துப்பு, கிலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில் கிடைத்தது. ஆண்டுக்குச் சில முறை மட்டுமே வயிறு நிறையத் தின்னும் பிராணி அது. நியூயார்க்கில் ஜான் எங் என்ற மருத்துவர், அதன் விஷத்தில் ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் அழியாத ஒரு பொருளை 1992-ல் அடையாளம் கண்டார். அதிலிருந்து எக்ஸனடைட் என்ற சர்க்கரை ஊசி 2005-ல் வந்தது. இன்று வீகோவியில் இருக்கும் செமாகுளுடைட் பல்லியிலிருந்து வந்தது அல்ல. மனித ஹார்மோனையே கொஞ்சம் மாற்றி, ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும்படி செய்தது. 'பல்லி விஷத்தை ஊசியில் போடுகிறார்கள்' என்று வரும் ஃபார்வர்டை நம்ப வேண்டாம்.

லெப்டின் தோற்ற இடத்தில் இது ஜெயித்ததற்குக் காரணம், இந்த ஹார்மோன் சொல்வதை மனித மூளை இன்னும் கேட்கிறது. சர்க்கரை நோய் இல்லாத, எடை அதிகமுள்ள 1,961 பேரிடம் 68 வாரங்கள் நடந்த ஆய்வில், செமாகுளுடைட் போட்டவர்களுக்குச் சராசரியாகக் குறைந்தது 14.9 சதவிகித எடை. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவிகிதம். ஆனால், ஊசியை நிறுத்திவிட்டு ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. கல்யாணத்துக்குள் இளைக்க ஆறு மாதம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் அந்த இரண்டாவது ஆய்வையும் படிக்க வேண்டும்.

இந்த மருந்தின் தகவல் தாளைப் பிரித்துப் படித்தால் அங்கேயும் எலி இருக்கும். இந்த வகை மருந்தைக் கொடுத்த எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் தைராய்டு சுரப்பியில் ஒரு வகைக் கட்டி வந்தது. எலியின் தைராய்டில் அந்தக் குறிப்பிட்ட செல்களில் ஜிஎல்பி-1-ஐப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் ஏராளம். மனிதர்களுக்கும் குரங்குகளுக்கும் மிகக் குறைவு. குரங்குகளிடம் அந்தக் கட்டி தென்படவில்லை. மனிதர்களுக்கு வரும் என்று நிரூபணமும் இல்லை. இருந்தாலும் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ ரத்த சொந்தத்திலோ இருந்தவர்கள் இந்த ஊசியைப் போடக் கூடாது என்று எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள்.

ஊசியை எழுதும் முன் மருத்துவர், "உங்க வீட்டுல யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருக்கா?" என்று கேட்பார். அவர் கேட்க மறந்தால், நீங்களே சொல்லிவிடுங்கள்.